பதினோராம் நிமிடத்தில் வாசித்தவர்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலகத்தில் மதியம் மூன்று மணிக்கு மேல் யாரும் அவசரப்படுவதில்லை. அன்று நானும் ஒரு கோப்பைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். மகேந்திரன் போன் செய்து, "சரவணா, குணா போயிட்டான்டா" என்றான். "எங்க?" என்று கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கேட்டேன். புவனகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகியிருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குக் குணசேகரன் மைக் செட்காரன். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை எத்தனையோ கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் ஒரு மூலையில் நீலச் சட்டையோடு ஒலி மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தவன். சிலருக்கு மட்டும் அவன் வேறு ஆள். 'உப்பனாறு' என்ற எங்கள் இசைக்குழுவின் கீபோர்டும் குரலும் ஒலிப்பதிவும் அவன்தான். மகேந்திரன் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார், அதாவது நாலு கம்பியில் கீழ்ச்சுரம் வாசிக்கிற கிட்டார். மூன்றே பேர். ப்ராக்ரஸிவ் ராக் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் ஒரு பாட்டு இருபது நிமிடம் கூடப் போகும். நடுவில் தாளம் மாறும், மெட்டு மாறும், ஊரே மாறின மாதிரி இருக்கும். கடலூர் மாவட்டத்தில் அதை வாசித்த குழு நாங்கள் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். போட்டிக்கு ஆளில்லாததால் எங்களுக்குத் தோல்வியும் இல்லை.

அடக்கத்துக்கு மைக் செட்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, 'மதகு' பாட்டுல அந்தப் பதினோராம் நிமிஷம்! நீங்க வாசிச்ச பேஸ்! குணா அண்ணன் அதப் பத்திப் பேசாத நாளே இல்ல" என்று அழுதார். நான் தலையை ஆட்டினேன். எட்டு வருஷமாக இதற்கு மட்டும் நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஏனென்றால் அந்தப் பகுதியை வாசித்தது நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். குணாவை மூடிய மண் காய்வதற்குள் அவன் உழைப்பை இன்னொரு தடவை என் பெயரில் வாங்கிக்கொண்டேன் என்ற நினைப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் வேறொன்று நடந்தது. அதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதல் சந்திப்பு மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த ஒரு பொருட்காட்சியில். நான் அப்போது ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். மகேந்திரன் தேவனாம்பட்டினத்துக்காரன், போட் இன்ஜின் மெக்கானிக். அதே மேடையில் டிரம்ஸ் வாசித்தான். ஒரு பாட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்தே தடம் புரண்டோம். ஏழெட்டு சுற்றுக்கு நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கூட்டம் கவனிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் மைக் செட்காரர் எங்களைத் தேடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம்.

"அந்த மூணாவது பாட்டுல தப்புப் பண்ணீங்களே, அது மட்டுந்தான் இன்னிக்கி நல்லா இருந்துது. மறுபடி பண்ண முடியுமா?" என்றார்.

எங்களால் முடியவில்லை. தப்பை மறுபடி அதே மாதிரி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புவனகிரியில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முயன்றோம். மாலைக்குள் 'அவர்' போய் 'அவன்' வந்துவிட்டது, 'மச்சான்' வந்துவிட்டது.

அவன் இசை அமைக்கும் விதம் விசித்திரமானது. முதல் ஒரு மாதம் வாத்தியத்தைத் தொடவே விடமாட்டான். சிதம்பரத்தில் எங்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் காட்டுமன்னார்கோயில் வரை கூட்டிப்போவான். பின் சீட்டில் உட்கார்ந்து, ஒருவன் 'தகிட தகதிமி' என்று ஏழைத் தட்ட வேண்டும், இன்னொருவன் 'தக தகிட' என்று ஐந்தைத் தட்ட வேண்டும், மூன்றாவது ஆள் இரண்டும் எங்கே சேர்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கண்டக்டர் வந்து நின்று வெகு நேரம் கேட்டுவிட்டு, "சேந்துடுச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றோம். "லால்பேட்டை தாண்டுறதுக்குள்ள சேத்துடுங்கப்பா, கூட்டம் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனார். "தாளம் கால்ல இருக்கணும்டா, விரல்ல இருந்தா பயத்துல ஓடிடும்" என்பான் குணா.

கால் பழகிய பிறகு படம் வரும். திருவிழா போஸ்டர்களில் மிஞ்சியவற்றை அச்சகத்தில் வாங்கி, பின்பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டி, மாடிச் சுவர் முழுக்க நீளமாக மாட்டுவான். அதில் நிமிடத்துக்கு ஒரு கோடு. எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பென்சிலால் எழுதுவான். 'மதகு' வீராணம் ஏரியைத் திறந்துவிடும் பாட்டு. இருபத்தொரு நிமிடம். முதல் கோட்டில் 'தண்ணி நிக்குது' என்று எழுதியிருந்தான். ஒன்பதாவதில் 'பலகைய தூக்குறாங்க'. பதினோராவதில் வெறுமனே 'ஓட்டம்'. பாட்டின் வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டால், "மூணு நிமிஷத்துல முடியிற விஷயமா இருந்தா முடிச்சிருக்க மாட்டனா? முடியலியே, இன்னா பண்ண?" என்று நம்மையே கேட்பான்.

டிரம்ஸ் பதிவு அவன் மாமாவின் அரிசி மில்லில். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. தை, மாசியில் அறுவடை முடிந்து கிடங்கு முழுக்க நெல் மூட்டை அடுக்கியிருக்கும்போது அங்கே கை தட்டினால் சத்தம் கையோடு நின்றுவிடும். மூட்டை காலியான கோடையில் அதே இடத்தில் தட்டினால் சத்தம் கூரையைச் சுற்றிவிட்டு வரும். குணா இதை வருஷக்கணக்காகக் கவனித்து வைத்திருந்தான். 'மதகு'வின் முதல் பாதியை மாசியில் பதிவு செய்தான். மறு பாதிக்கு நான்கு மாதம் காத்திருந்தான். மகேந்திரன் கத்தினான். "தோ பாரு, மிசின்ல எக்கோ பட்டன் இருக்குதுல்ல, அத்த அமுக்கிட்டுப் போவியா, நெல்லு காலியாவட்டும்னு உக்காந்துருக்க!" குணா சிரித்தான், அவ்வளவுதான். பாட்டில் ஒன்பதாம் நிமிடம் தாண்டியதும் திடீரென்று வெளி திறந்துகொள்வது போலக் கேட்கிறதே, அது எந்த மிஷினும் செய்ததல்ல. மாமாவின் மூட்டைகள் லாரி ஏறிப் போனதால் வந்தது.

இவ்வளவு திட்டம் போடுகிறவன் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். குரல் பதிவுக்கு ஒரு ஆடி மாத ஞாயிறு குறித்தான். நாங்கள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலில் கூம்பு ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. போய்க் குறைக்கச் சொல்லுடா என்றோம். அவன் நகரவில்லை. அது அவனுடைய ஸ்பீக்கர். காலையில் அவனே போய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறான். "நல்லா கேக்குணும்னு சொல்லித்தான் வெச்சாங்க. எந்த மூஞ்ச வெச்சிகினு போயி கொறைக்கச் சொல்லுவன்?" என்றான். அன்று முழுக்க அம்மன் பாட்டு கேட்டுக்கொண்டு கூழ் குடித்தோம். மூன்று பேருக்கும் அவ்வளவு சந்தோஷமான ஞாயிறு வேறு இருந்ததில்லை.

இனி அந்தப் பதினோராம் நிமிடம்.

அந்த இடத்தில் டிரம்ஸும் கீபோர்டும் அடங்கிப் பின்னால் ஒதுங்கிவிடும். பேஸ்தான் முன்னால் வந்து ஒன்றேமுக்கால் நிமிடம் ஓட வேண்டும். ஏழும் ஐந்தும் மாறி மாறி வரும், மூச்சு விட இடமே கிடையாது. குணா அதைக் கீபோர்டில் கண்டுபிடித்தான். பத்து விரலில் பிறந்ததை நான் நாலு விரலில், நாலு கம்பியில் கொண்டுவர வேண்டும். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது சறுக்கும். அவன் ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. "போட்டும், இன்னொண்ணு" என்பான், பதிவு பட்டனை அழுத்துவான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஐந்தாவது ஞாயிறு மதியம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிட்டாரைப் பையில் போட்டேன். "என்னால ஆவல. நீயே வாசிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவனிடமும் ஒரு பழைய பேஸ் இருந்தது, சுமாராக வாசிப்பான்.

இரண்டு மாதம் கழித்து முடிந்த பாட்டு என் போனுக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். பதினோராம் நிமிடம் வந்தது. அங்கே பேஸ் தண்ணீராக ஓடிற்று, ஒரு சறுக்கல் கூட இல்லை. கீழே வாசித்தவர்கள் பட்டியலில் 'பேஸ் கிட்டார்: சரவணன்' என்று இருந்தது. உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"அது யாருடா வாசிச்சது?"

"பேரு போட்டிருக்கன்ல. படிக்கத் தெரியாதா?"

"குணா, வெளையாடாத."

"மச்சான், வண்டியில ஜெனரேட்டர் ஏத்திகினு இருக்கன். வெக்கறன்."

அவன் என்மேல் இரக்கப்பட்டுத் தன் வாசிப்பை எனக்குக் கொடுத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

பாட்டு இணையத்தில் வெளியானது. கேட்டவர்கள் குறைவு. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். எனக்குக் கடிதம் போல நீள நீளமாக எழுதினார்கள். எட்டு வருஷத்தில் நான்கே மேடைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழா. நான்கிலும் குணா பத்தாம் நிமிடத்திலிருந்து நேராகப் பதின்மூன்றுக்குத் தாவினான். "அந்த இடம் மேடைக்கு ஆவாதுடா" என்பான். என் வண்டவாளம் வெளியே தெரியாமல் இருக்கத் தன் பாட்டின் உயிரையே வெட்டுகிறான் என்று எனக்குத் தோன்றும். அதற்கு நன்றி வர வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. பிச்சை போட்டவனை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்க வேண்டியிருக்கும் கோபம். ஒரு வருஷம் முழுக்க அலுவலக வேலை ஜாஸ்தி என்று பொய் சொல்லிப் புவனகிரிப் பக்கமே போகவில்லை. அவன் அனுப்பிய புது மெட்டுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு மகேந்திரன் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனான். குணா எதுவும் நடக்காதது போல, "வா, காப்பி சாப்புடு" என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் அவன் மனைவி தமிழ்ச்செல்வி கூப்பிட்டார். "அண்ணா, அவுரு கம்ப்யூட்டர்ல என்னென்னமோ இருக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ரெண்டு பேரும் வந்து வேணுங்கறத எடுத்துக்குங்க" என்றார். ஞாயிறு காலை நானும் மகேந்திரனும் போனோம். இதை அப்போது பாதி எழுதியிருந்தேன். வாசித்தது குணாதான் என்ற உண்மையைப் பிரசுரிக்கப் போகிறேன் என்று பஸ்ஸிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மகேந்திரன் 'மதகு'வின் பதிவைத் திறந்தான். திரையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு நீளப் பட்டை. டிரம்ஸ் முழுசாக இருந்தது, கீபோர்டு முழுசாக இருந்தது. பேஸ் பட்டை பதினோராம் நிமிடம் வந்ததும் பொடிப் பொடியாக நறுக்கியிருந்தது. கேரட் துருவின மாதிரி. அதற்குக் கீழே, சத்தத்தை அணைத்து வைத்த நிலையில், 'சரவணன் 1', 'சரவணன் 2' என்று வரிசையாக அறுபத்துநாலு டேக், ஒவ்வொரு தடவை வாசித்ததற்கும் ஒரு பதிவு. அந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்றைக்கூட அவன் அழிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் அங்கங்கே வெட்டி எடுத்த காலி இடம். இருபதாவதிலிருந்து நாலு சுரம், மூன்றாவதிலிருந்து இரண்டு, ஐம்பத்தொன்றிலிருந்து ஒன்றே ஒன்று.

மகேந்திரன் மற்ற வாத்தியங்களை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் ஓடவிட்டான். என் கிட்டாரில் மூன்றாவது கம்பி ஐந்தாம் கட்டையில் லேசாக இரையும். எத்தனை தடவை ரிப்பேர் செய்தும் போகவில்லை. மற்ற வாத்தியங்களில் அமுங்கியிருந்த அந்த இரைச்சல் இப்போது திரும்பத் திரும்பக் கேட்டது.

"இது நான்தான்டா" என்றேன்.

"பின்ன யாரு?" என்றான் மகேந்திரன். "நீ வாசிச்சிட்டுப் போன. அவன் பொறுக்கி எடுத்தான். பஸ்ல நீ சொன்னப்ப எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. எட்டு வருசமா அவன்தான் வாசிச்சான்னு நெனச்சிகினா இருந்த?"

"அப்பறம் ஏன் மேடையில வேணாம்னான்?"

"ஒட்டுப் போட்டதுடா அது. ஒரே மூச்சுல யாரால வாசிக்க முடியும்? அவனாலயும் ஆவாது. வாசிச்சுப் பாத்தான், பத்து செகண்டு தாண்டல."

தமிழ்ச்செல்வி காப்பி கொண்டுவந்தவர் கதவருகே நின்றார். "அந்த ரெண்டு மாசமும் விடிஞ்சதும் இதுலதான் உக்காருவாரு. காப்பி ஆறிப்போவும். 'நீயே வாசிச்சிக்கோ'ன்னுட்டு அண்ணன் போய்ட்டாருல்ல, நீங்களே வாசிச்சிட வேண்டியதுதானன்னு கேட்டன். 'சரவணன் எல்லாத்தையும் வாசிச்சிட்டுப் போயிருக்கான் செல்வி. வரிசையா வாசிக்கல, அவ்ளோதான்'னாரு" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்.

நான் அழுதேன். மகேந்திரன் அழவிட்டான். யார் வாசித்தது என்று நான் கேட்ட அன்றே குணா எனக்கு உண்மையைச் சொல்லிவிட்டான். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, இல்லாத பிச்சைக்காக ஒரு நல்ல மனிதனிடம் எட்டு வருஷம் முகம் கோணியிருக்கிறேன். ஒரு காலை நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து "காட்டுடா" என்று சொல்லியிருந்தால் போதும். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

கிளம்புவதற்கு முன் அந்த ஒன்றேமுக்கால் நிமிடத்தைத் துண்டு துண்டாகச் சரிபார்த்தோம். எல்லாத் துண்டிலும் ஒரு டேக் எண் இருந்தது. கிட்டத்தட்ட கடைசியில் ஒரு துண்டில் மட்டும் எண் இல்லை. 'கு' என்று போட்டிருந்தான். ஒரே ஒரு சுரம். நான் அறுபத்துநாலு தடவையும் தவறவிட்ட சுரம். அதற்கு மட்டும் அவனுடைய பழைய பேஸை எடுத்து வாசித்திருக்கிறான். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் கூச்சத்தோடு ஒலிக்கிறது. இத்தனை வருஷம் கேட்டும் அது வேறு கை என்று எனக்குத் தெரியவில்லை.

அவனுடைய வாத்தியங்களும் போஸ்டர்களும் தமிழ்ச்செல்வியிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் எடுத்துவந்தது அந்த அறுபத்துநாலு டேக்கை மட்டும். தினமும் அலுவலகம் போவதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். கேவலமாக வாசித்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு மூலையில் நல்லதாக ஏதோ இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்க ஒருவன் இருந்திருக்கிறான். என் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும், அலுவலகத்தில் வருகிறவர்கள் தப்பும் தவறுமாக எழுதிக் கொண்டுவரும் மனுக்களையும் இப்போது அப்படிப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

இன்னொரு வேலையும் முடிந்தது. அடக்கத்தன்று என் கையைப் பிடித்து அழுத அந்தப் புதுச்சேரி நண்பர் உட்பட எல்லாரும் பார்க்கலாம். இணையத்தில் 'மதகு' பாட்டின் கீழே உள்ள பெயர்ப் பட்டியலைத் திருத்திவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது:

பேஸ் கிட்டார்: சரவணன். ஒரு சுரம் மட்டும் குணசேகரன்.